2^255 − 19: ஒளித்து வைக்காத எண்ணை ஏன் நம்பலாம்?



போன எபிசோடில் உலகத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணைப் பற்றிக் கதைத்தோம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1. எழுதினால் 4 கோடி 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் வரும். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அதால என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்வி. அந்த எண்ணால் இன்றைக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. ஆனால் வெறும் 77 இலக்கம் உள்ள இன்னொரு பகா எண் இருக்குது. நீங்கள் இந்த மடலைத் திறக்கிறதுக்கு முதலே உங்கள் போன் இன்றைக்கு அதைப் பல தடவை பாவித்திருக்கும். வட்ஸ்அப், சிக்னல், வயர்கார்ட் விபிஎன், பிரவுசரில் திறக்கும் பெரும்பாலான இணையத்தளங்கள் எல்லாவற்றிலும் அது வேலை செய்யுது. இந்த வாரப் பாடம் அந்த எண்ணைப் பற்றித்தான். கொப்பியும் பேனையும் எடுத்து வையுங்கோ, நடுவில் ஒரு கணக்குச் செய்யப்போகிறோம்.

(சொல் விளக்கம்: தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் "பகா எண்", இலங்கைப் பாடப்புத்தகத்தில் "முதன்மை எண்". நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிரைம் நம்பர்தான் இரண்டும். 1ஆலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்.)

ஆளைப் பார்ப்போம்

முழுதாக எழுதினால் இப்படி வரும்:

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

சுருக்கமாக 2^255 − 19. அதாவது 2ஐ 255 தடவை பெருக்கி, வருகிற விடையில் 19ஐக் கழித்தால் இது. டானியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை அடித்தளமாக வைத்து ஒரு குறியாக்க முறையைக் கொடுத்தார். அதன் பெயர் கர்வ்25519. பெயரிலேயே எண் இருக்குது பாருங்கோ: 255, 19.

நான் கொன்ட்ராக்ட் வேலை செய்கிற ஆள். புது இடத்துக்குப் போனால் முதல் நாள் செய்கிற வேலை, சர்வருக்குள் போக ஒரு எஸ்எஸ்எச் சாவி உருவாக்குவது. "எட்25519 சாவிதான் வேணும்" என்று அநேகமாக எல்லா இடத்திலும் சொல்லுவினம். அதுக்குள்ளும் இருக்கிறது இதே எண்தான்.

ரகசியம் இந்த எண்ணில் இல்லை

பெரிய பகா எண் என்றவுடன் பலருக்கும் வருகிற படம்: யாரோ ஒரு மிகப் பெரிய எண்ணைப் பூட்டி ஒளித்து வைத்திருக்கினம், அதைக் கண்டுபிடித்தால் எல்லாம் உடைந்துவிடும். ஆர்எஸ்ஏ என்ற பழைய முறைக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே ஒவ்வொருவரும் தங்களுக்கென்று இரண்டு பகா எண்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் 2^255 − 19 எல்லாருக்கும் பொது. உங்களுக்கும் எனக்கும் ஹக்கருக்கும் ஒரே எண். அப்படியென்றால் ரகசியம் எங்கே இருக்கு?

சின்ன எண்ணில் செய்து பார்ப்போம். 77 இலக்கப் பகா எண்ணுக்குப் பதிலாக 97. விதி ஒன்றுதான்: எந்தக் கணக்குச் செய்தாலும் கடைசியில் 97ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கூடு 12க்குப் பிறகு திரும்ப 1க்கு வருகிற மாதிரி.

எல்லாருக்கும் தெரிந்த தொடக்க எண் 5 என்று வைப்போம். நீங்களும் அம்மம்மாவும் வட்ஸ்அப்பில் கதைக்கப்போகிறீர்கள்.

1. உங்கள் போன் 6 என்ற ரகசிய எண்ணை எடுக்குது. 5^6 = 15625. 97ஆல் வகுத்தால் மீதி 8. அந்த 8ஐ வெளிப்படையாக அனுப்புது.
2. அம்மம்மாவின் போன் எடுத்த ரகசிய எண் 4. 5^4 = 625. மீதி 43. அதை வெளிப்படையாக அனுப்புது.
3. உங்கள் போன் வந்த 43ஐ 6 தடவை பெருக்குது. மீதி 22.
4. அம்மம்மாவின் போன் வந்த 8ஐ 4 தடவை பெருக்குது. 4096. மீதி 22.

இரண்டு பக்கமும் 22. ஆனால் அந்த 22 லைனில் போகவே இல்லை. நடுவில் நின்று கேட்டவருக்குக் கிடைத்தது 97, 5, 8, 43 மட்டும். 8இலிருந்து திரும்ப 6க்குப் போக அவர் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 97க்கு அது ஒரு நிமிட வேலை. 77 இலக்கத்தில்?

உண்மையான முறையில் அடுக்குகளுக்குப் பதிலாக, ஒரு நீள்வளையக் கோட்டில் உள்ள புள்ளிகளைத் திரும்பத் திரும்பக் கூட்டுவார்கள். எண்ணம் அதேதான். இன்றைய கொம்பியூட்டர்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியில் ஒரு சாவியை உடைக்கச் சுமார் 2^126 அடிகள் எடுக்க வேண்டும். நொடிக்கு 10^18 அடிகள் எடுக்கிற இயந்திரம் இருந்தால்கூட அதற்கு 2.7 லட்சம் கோடி ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

ஏன் பகா எண்ணாக இருக்க வேண்டும்?

மணிக்கூட்டுக் கணக்கில் ஒரு பிரச்சினை இருக்குது. 12 மணிக்கூட்டில் 3 × 4 = 12, அதாவது 0. இரண்டு பூச்சியம் அல்லாத எண்களைப் பெருக்கினோம், பூச்சியம் வந்துவிட்டது. அதனால் அங்கே வகுத்தல் ஒழுங்காக நடக்காது.

97 பகா எண். அங்கே அப்படி ஒருபோதும் நடக்காது. பூச்சியத்தைத் தவிர ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தலைகீழ் எண் உண்டு. உதாரணத்துக்கு 2 × 49 = 98, மீதி 1. ஆகவே 97இன் உலகத்தில் "அரை" என்பது 49. நீள்வளையக் கோட்டில் புள்ளிகளைக் கூட்ட சாய்வு கண்டுபிடிக்க வேண்டும், சாய்வுக்கு வகுத்தல் வேண்டும். அதுக்காகத்தான் பகா எண்.

ஏன் 2இன் அடுக்குக்குப் பக்கத்தில்?

77 இலக்கப் பகா எண்கள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கு. பிறகேன் இது? பதில்: வேகம்.

ஒரு எண்ணை 9ஆல் வகுத்தால் என்ன மீதி என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது ஏன் வேலை செய்யுது? 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் பத்தாம் இடத்து இலக்கத்தை அப்படியே ஒன்றாம் இடத்துக்கு இறக்கலாம்.

97க்கும் அதே விளையாட்டு. 100ஐ 97ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே நூறுகளை 3ஆல் பெருக்கி இறக்கலாம். 4725ஐ எடுங்கோ: 47 நூறுகள், மிச்சம் 25. 47 × 3 = 141, கூட்டல் 25 = 166. இன்னொரு தடவை: 1 × 3 + 66 = 69. விடை 69. வகுத்தலே செய்யவில்லை.

கொம்பியூட்டர் 2இன் அடுக்குகளில் யோசிக்குது. 2^255ஐ நம்முடைய பகா எண்ணால் வகுத்தால் மீதி 19. ஆகவே 255 பிட்டுக்கு மேல் வழிகிற பகுதியை வெட்டி, 19ஆல் பெருக்கி, கீழே கூட்டிவிடலாம். வகுத்தல் என்ற மெதுவான வேலை முழுக்கக் காணாமல் போய்விடும்.

இன்னொரு அழகு: 255 = 5 × 51. இன்றைய புரொசசர் ஒரு தடவையில் கையாள்வது 64 பிட். எண்ணை 51 பிட் துண்டுகள் ஐந்தாக வெட்டினால் ஒவ்வொரு 64 பிட் பெட்டியிலும் 13 பிட் காலியாக இருக்கும். "கையில் ஒன்று" என்று ஒவ்வொரு கூட்டலுக்கும் உடனே கொண்டுபோகத் தேவையில்லை, கொஞ்சம் சேரவிட்டுப் பிறகு கொண்டுபோகலாம். அதோடு 255 பிட் என்பது 32 பைட்டுக்குள் அடங்கி ஒரு பிட் மிச்சமும் தரும். பழைய விலை குறைந்த போன்களில்கூட இது சட்டென்று ஓடுறதுக்கு இவையெல்லாம் காரணம்.

ஏன் 19? கொப்பியை எடுங்கோ

கழிக்கிற எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. அப்ப ஏன் 1 இல்லை, 3 இல்லை? 2^255 இரட்டை எண், ஆகவே ஒற்றை எண்ணைத்தான் கழிக்கலாம். 19க்குக் கீழே இருக்கிற போட்டியாளர்கள் ஒன்பது பேர்: 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17. ஒவ்வொருவராக வெளியேற்றுவோம்.

3ஆல் வகுத்தால்: 2இன் அடுக்குகள் தரும் மீதிகள் 2, 1, 2, 1 என்று மாறி மாறி வரும். 255 ஒற்றை, ஆகவே மீதி 2. அப்படியென்றால் 5, 11, 17 ஆகியவற்றைக் கழித்தால் விடை 3ஆல் வகுபடும். மூவரும் வெளியே.

5ஆல் வகுத்தால்: மீதிகள் 2, 4, 3, 1. நாலுக்கு ஒரு தடவை திரும்பும். 255 = 4 × 63 + 3, ஆகவே மூன்றாவது மீதி: 3. இப்ப 3, 13 வெளியே.

7ஆல் வகுத்தால்: மீதிகள் 2, 4, 1. 255 மூன்றால் வகுபடும், ஆகவே மீதி 1. இதில் 1, 15 வெளியே.

17ஆல் வகுத்தால்: மீதிகள் 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டுக்கு ஒரு தடவை. 255 = 8 × 31 + 7, ஏழாவது மீதி 9. ஆகவே 9 வெளியே.

மிச்சம் 7 மட்டும். இந்த ஆள் கொஞ்சம் பிடிவாதம். 2^255 − 7 என்பது 100க்குள் இருக்கிற எந்தப் பகா எண்ணாலும் வகுபடாது. இதுக்குக் கொம்பியூட்டர் உதவி வேண்டும்.

பெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன ஒரு விதி: ஒரு எண் 2ஐத் தவிர்ந்த பகா எண் என்றால், 2ஐ "அந்த எண்ணில் ஒன்று குறைவு" அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். வரவில்லை என்றால் அது பகா எண் இல்லை, வகுக்கும் எண் எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பைதானில் "பவ்" பங்ஷனுக்கு மூன்று எண்கள் கொடுக்கலாம்: அடி, அடுக்கு, வகுக்கும் எண். 2^255 − 7க்குப் போட்டுப் பாருங்கோ, 1 வராது. 2^255 − 19க்குப் போடுங்கோ, கண் இமைக்க முதல் 1 வரும்.

ஒரு எச்சரிக்கை. 1 வந்தால் மட்டும் பகா எண் என்று முடிவு கட்டக்கூடாது. 341 = 11 × 31, ஆனாலும் அது இந்தச் சோதனையில் பாஸ் ஆகும். முழு நிரூபணத்துக்கு வேறு வழி இருக்கு: எண்ணில் 1ஐக் கழித்து, வருவதைக் காரணிப்படுத்த வேண்டும். நம் எண்ணுக்கு அது 2 × 2 × 3 × 65147 × ஒரு 71 இலக்கப் பகா எண். அந்த 71 இலக்க எண்ணையும் இதே மாதிரி நிரூபித்து, படிப்படியாகச் சின்ன எண்கள் வரை இறங்கலாம். அதனால் இந்த எண் பகா எண் என்பது நிகழ்தகவு இல்லை, நிரூபணம்.

பெர்ன்ஸ்டைன் தன் கட்டுரையில் 2^255 + 95, 2^255 − 31, 2^254 + 79 என்று இன்னும் சில எண்களையும் பட்டியலிட்டு, 19தான் எல்லாவற்றிலும் சிறியது, அதனால் இது என்று சொல்லியிருக்கிறார். காரணம் அவ்வளவுதான்.

காரணம் சொல்லாத எண்கள்

இந்த அளவுக்குக் காரணம் சொல்வது ஏன் முக்கியம் என்று விளங்க இன்னொரு கதை தெரிய வேண்டும்.

2006இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், டூயல்-ஈசி என்ற ஒரு முறையை வெளியிட்டது. ரகசிய எண்களை உருவாக்குவதற்கான முறை. அதில் இரண்டு நிலையான புள்ளிகள் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்ற விளக்கம் இல்லை. 2007இல் ஷுமோவ், பெர்குசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: அந்தப் புள்ளிகளைத் தெரிவு செய்தவருக்கு அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு தெரிந்திருந்தால், இந்த முறை உருவாக்கும் அடுத்தடுத்த எண்களை அவரால் முன்கூட்டியே சொல்ல முடியும். வீட்டைக் கட்டினவர் கையில் ஒரு கள்ளச் சாவி மாதிரி. 2013இல் ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானபோது சந்தேகம் பலமானது. நிஸ்ட் அதைப் பாவிக்க வேண்டாம் என்று அறிவித்து, பிறகு தரநிலையிலிருந்தே நீக்கியது.

அதற்குப் பிறகு எல்லாரும் பழைய எண்களைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினார்கள். மிகப் பரவலாக உள்ள பி-256 என்ற நிஸ்ட் வளைகோட்டின் ஒரு குணகம் ஒரு விதை எண்ணிலிருந்து வந்தது. அந்த விதையை ஏன் தெரிவு செய்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை. பி-256இல் ஓட்டை இருக்கு என்று இதுவரை யாரும் காட்டவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை.

கர்வ்25519இல் பதில் இல்லாத எண்ணே இல்லை. 19 ஏன் என்று நீங்களே இப்பதான் கணக்குப் போட்டீர்கள். வளைகோட்டின் குணகம் 486662. நிபந்தனைகளுக்குப் பொருந்திய மிகச் சிறிய எண்கள் 358990, 464586, 486662. முதல் இரண்டையும் ஏன் ஒதுக்கினார் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கு. தொடக்கப் புள்ளி 9, அதுவும் பொருந்துகிறவற்றில் மிகச் சிறியது. 2006இல் பெர்ன்ஸ்டைனின் முதல் நோக்கம் வேகம்தான், கட்டுரைத் தலைப்பிலேயே அது இருக்கு. ஆனால் 2013க்குப் பிறகு இந்த வெளிப்படைத்தன்மைக்கு வேறொரு மதிப்பு வந்தது. 2014 ஜனவரியில் ஓபன்எஸ்எஸ்எச் இதை முதல் தெரிவாக்கியது. 2016இல் இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வட்ஸ்அப் தன் எல்லாப் பாவனையாளர்களுக்கும் முழுக் குறியாக்கத்தைக் கொண்டுவந்தது.

எங்கள் வீடுகளில் பெரிய ஆட்கள் போனில் சில விஷயங்களைத் தொடவே மாட்டினம். "அதை நேரில கதைப்பம்" என்று வெட்டிவிடுவினம். லைனில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்போடு வாழ்ந்த காலத்தின் பழக்கம் அது. அவர்கள் "இதில கதைக்கிறது பாதுகாப்போ?" என்று கேட்டால், "அது என்கிரிப்டட்" என்ற ஒரு சொல்லை மட்டும் பதிலாகக் கொடுக்காதீர்கள். டூயல்-ஈசியும் ஒரு காலத்தில் பாதுகாப்பான தரநிலை என்றுதான் சொல்லப்பட்டது. நடுவில் நிற்பவர் வாசிக்க முடியாது, அந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம், நானே கொஞ்சம் சரிபார்த்தேன் என்று சொல்லுங்கோ. கூடவே இதையும் சொல்லுங்கோ: போன் பறிபோனால், குறியாக்கம் இல்லாத பேக்கப் இருந்தால், குழுவில் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால், 2^255 − 19 ஒன்றும் செய்ய முடியாது. யார் யாரோடு எப்போது கதைத்தார் என்பதையும் அது மறைக்காது.

இனி என்ன?

பெரிய குவாண்டம் கொம்பியூட்டர் ஒன்று வந்தால் இந்த முறை உடையும். 1994இல் பீட்டர் ஷோர் கொடுத்த வழி அதுக்குப் போதும். அதனால் இன்றைக்கே பதிந்து வைத்துவிட்டு நாளைக்கு உடைக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு எதிராக, சிக்னல் 2023இல் இரண்டாவது பூட்டு ஒன்றைச் சேர்த்தது. பழைய பூட்டை எடுக்கவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யுது. புதிய பூட்டின் அடித்தளத்திலும் ஒரு பகா எண் இருக்கு. ஆனால் அதுக்கு நாலே நாலு இலக்கம்: 3329. நாலு இலக்கத்தில் எப்படிப் பாதுகாப்பு என்று அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரை ஒரு துப்பு: 3329 − 1 = 256 × 13.

வீட்டுப்பாடம்

1. ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் உங்கள் ஐபான் எண்ணை எடுங்கோ. முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்கு மாற்றி, ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக வரிசைப்படி 10 முதல் 35 வரை எண் போடுங்கோ. 97ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். வங்கி எண்ணில் ஒரு இலக்கம் பிழைத்தால் ஆப் உடனே கண்டுபிடிப்பது இப்படித்தான். "நூறை 3ஆக்கு" உத்தியால் பேனையிலேயே செய்யலாம்.
2. 2^255 − 7ஐப் பைதானில் சோதித்து, பகா எண் இல்லை என்று நீங்களே உறுதிப்படுத்துங்கோ.
3. 255க்குப் பதிலாக 256 என்று போட்டால் கழிக்க வேண்டிய மிகச் சிறிய எண் எது? விடையைக் கண்டுபிடித்தால், ஏன் 255ஐ எடுத்தார்கள் என்பதற்கு இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவதின் விடையைப் பதில் மடலில் அனுப்புங்கோ. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கோ, அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.